தடிமனுக்கு மூன்று மடங்கு

யங் குணகம் காணும் சோதனைக்கு ஆய்வகத்தில் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. இரண்டு கத்திமுனைகள், அவற்றின் மேல் ஒரு மரச்சட்டம், நடுவில் தொங்கும் எடை. சட்டம் எவ்வளவு இறங்கியது என்பதை நகரும் நுண்ணோக்கி சொல்லிவிடும். கத்திமுனைகளுக்கு இடையிலான நீளத்தைப் பல மாணவர்கள் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்கள். தடிமனை ஒரே இடத்தில், அவசரமாக அளந்து முடிப்பார்கள். கவனம் போகவேண்டிய இடம் அந்தத் தடிமன்தான்.

அதைச் சொல்லித்தருவது பிளஸ் டூ கணக்கில் வரும் பகுதி வகைக்கெழு. மற்ற அளவுகளை அசையாமல் வைத்து ஒன்றை மட்டும் துளி நகர்த்தினால் விடை எவ்வளவு நகரும் என்று அது காட்டும். யங் குணகத்துக்கான சூத்திரத்தில் நீளத்தின் முப்படி மேலே இருக்கிறது; அகலமும் இறக்கமும் தடிமனின் முப்படியும் கீழே. மடக்கை எடுத்து வகையிட்டால் அடுக்குகள் முன்னே வந்துவிடும். நீளம், தடிமன் இரண்டின் சதவீதப் பிழையும் மும்மடங்காகும். மற்றவை அப்படியே வரும். எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று அஞ்சி, குறிகளை விட்டுவிட்டுக் கூட்டுவது வழக்கம்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 70 செ.மீ. நீளத்தில் 1 மி.மீ. தவறினால் விடையில் 0.43 சதவீதம். 2.5 செ.மீ. அகலத்தை 0.1 மி.மீ. வரை காட்டும் வெர்னியரில் அளந்தால் 0.4. அதே வெர்னியரை 6 மி.மீ. தடிமனில் வைத்தால் 5 சதவீதம்! திருகு அளவியில் 0.01 மி.மீ. வரை பார்த்தால் அது 0.5 ஆகச் சுருங்கும். 2 மி.மீ. இறக்கத்தில் 0.01 மி.மீ. பிழைக்கு இன்னொரு 0.5. மொத்தம் 2 சதவீதத்துக்குள் அடங்குகிறது. எந்தக் கருவியை எங்கே வைப்பது என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே, ஒரு தாளில் முடிவு செய்துவிடலாம். இந்தக் கணக்கின் உண்மையான பயன் இதுதான்.

திருகு அளவியைப் பிடிப்பதிலும் பக்குவம் வேண்டும். தலையைப் பிடித்து இறுக்கினால் மரம் அமுங்கும். கடைசியில் உள்ள ராச்செட்டைத் திருப்பி, 'கிளிக்' சத்தம் கேட்டதும் நிறுத்தவேண்டும். சுழிப்பிழை 0.05 மி.மீ. இருந்து அதைக் கழிக்க மறந்தால் விடை 2.5 சதவீதம் தள்ளிப்போகும். அதே சட்டத்தைப் பத்து இடங்களில் அளந்து சராசரி எடுத்தாலும் அந்தப் பிழை போகாது.

வகையீடு சின்ன மாற்றங்களுக்குத்தான் நம்பகமானது. நீளத்தில் 1 சதவீதம் கூடினால் விடை 3 சதவீதம் கூடும் என்கிறது, உண்மை 3.03. 20 சதவீதம் கூடினால் 60 என்கிறது, உண்மையில் 72.8.

பதிவேட்டில் கால்குலேட்டர் காட்டிய எட்டு இலக்கங்களையும் அப்படியே எழுதிவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. 2 சதவீதம் சந்தேகம் உள்ள விடையில் மூன்றாவது இலக்கமே ஆடிக்கொண்டிருக்கிறது.