பழைய பாய்ப்படகைக் கடல்வாழ்வுக்கு ஆயத்தப்படுத்துதல்

வெஸ்ட்செய்ல் 32 என்ற ஃபைபர் பாய்ப்படகு 1971 முதல் கலிபோர்னியாவின் கோஸ்டா மேசா நகரில் கட்டப்பட்டது. மேல்தளத்தின் நீளம் 32 அடி. முன்முனையான அணியத்துக்கு வெளியேயும் பின்முனையான அமரத்துக்கு வெளியேயும் நீளும் மரங்களைச் சேர்த்தால் 40 அடி. அகலம் 11 அடி, நீருக்குள் அமிழ்வது 5 அடி, எடை ஏறத்தாழ 9 டன். சுமார் 830 படகுகள் வெளிவந்த பிறகு உற்பத்தி நின்றுபோனது. புதுப்படகு வாங்க வசதியில்லாமல், ஆனால் பிள்ளைகளோடு சில ஆண்டுகளாவது கடலிலேயே வாழ வேண்டும் என்று முடிவெடுத்த குடும்பங்கள் தேடிப் போகும் பழைய படகுகளில் இதற்குத் தனி இடம் உண்டு.

இதன் வம்சாவளி நார்வேயில் தொடங்குகிறது. புயலில் சிக்கிய மீனவர்களை மீட்பதற்காகக் காலின் ஆர்ச்சர் 1890-களில் வடிவமைத்த மீட்புப் படகுகள் இரு முனையும் கூம்பியவை. கனத்த, ஆழமான அடிப்பாகம் கொண்டவை. அவற்றைச் சிறிதாக்கி அமெரிக்கரான வில்லியம் அட்கின் 1920-களில் 'எரிக்' என்ற வடிவத்தை வரைந்தார். அதையொட்டி பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டதுதான் 'சுஹைலி'. அந்தப் படகில்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14 அன்று புறப்பட்டு, எந்தத் துறையிலும் ஒதுங்காமல் தனியாக உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22 அன்று கரை சேர்ந்தார். வெஸ்ட்செய்ல் 32 அதே குடும்பத்தின் ஃபைபர் பிள்ளை. 1991 அக்டோபரில் வட அட்லாண்டிக்கில் வீசிய பெரும்புயலின்போது 'சட்டோரி' என்ற வெஸ்ட்செய்ல் 32-இல் இருந்தவர்களை அமெரிக்கக் கடலோரக் காவல்படை மீட்டது. ஆளில்லாமல் கைவிடப்பட்ட படகு மூழ்கவில்லை. தானாக மிதந்து சில நாள் கழித்து மணற்கரையில் ஒதுங்கியது. பிறகு மீண்டும் கடலோடியது. உடல் கெட்டியான படகு என்ற பெயர் இப்படி உழைத்துச் சம்பாதிக்கப்பட்டது.

உடல் கெட்டி என்பதால் படகு முழுதும் கெட்டி என்று ஆகிவிடாது. வெஸ்ட்செய்ல் படகுகளில் கணிசமானவை முழுப்படகாக விற்கப்படவில்லை. வெறும் கூட்டையும் தளத்தையும் வாங்கிக்கொண்டு போய், வீட்டு முற்றத்திலும் வாடகைக் கொட்டகையிலும் உரிமையாளர்களே முடித்தார்கள். எனவே ஒரே பெயருள்ள இரு படகுகள் உள்ளே ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றில் தேர்ந்த தச்சனின் கை தெரியும். இன்னொன்றில் வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்கம்பியைப் படகில் ஓட்டியிருப்பார்கள். வாங்குமுன் தகுதியுள்ள ஆய்வாளரை அழைப்பதும், அவர் வேலை செய்யும்போது குடும்பத்தில் ஒருவராவது கூடவே இருப்பதும் இதனால் அவசியமாகிறது.

ஆய்வாளரின் முதன்மைக் கருவி பிளாஸ்டிக் தலை கொண்ட சிறு சுத்தியல். தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே வைத்த பிளைவுட் நீர் குடித்து உளுத்திருந்தால் ஓசை மங்கிச் செத்துப்போகும். தட்டத் தட்டப் பென்சிலால் கோடிட்டு எல்லை வரைவார். கைப்பிடிக் கம்பங்களின் அடியிலும், வடங்களைக் கட்டும் கட்டைகளின் அடியிலும், தேக்குப் பலகையைப் பிடிக்கும் திருகுகளின் வரிசையிலும்தான் அந்த எல்லைகள் பெரும்பாலும் விழும். துளை வழியாக ஆண்டுக்கணக்கில் இறங்கிய மழைநீர்தான் காரணம். ஈரமானியும் உண்டு, ஆனால் அனுபவமுள்ள காது அதைவிட வேகமாக வேலை செய்கிறது. இந்தச் சுத்தியலைக் குடும்பமும் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டவர்கள் அடுத்த பத்தாண்டுக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

வேலையின் வரிசையில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. முதலில் நீர் உள்ளே வராமல் இருக்க வேண்டும். இரண்டாவது, பாய்மரம் விழாமல் நிற்க வேண்டும். மூன்றாவது, சுக்கானும் நங்கூரமும் கைகொடுக்க வேண்டும். மற்றவை எல்லாம் பிறகு. நடப்பதோ தலைகீழ். மெத்தை உறை, குளிர்சாதனப் பெட்டி, பளபளக்கும் திரை என்று கண்ணுக்குத் தெரிபவற்றில் தொடங்கி, கடல்நீர் வால்வுகளுக்கு வரும்போது பணமும் பொறுமையும் தீர்ந்துவிடுகின்றன. கரையிலேயே விற்பனைப் பலகை மாட்டிக்கொண்டு பாதியில் நிற்கும் படகுகளின் உள்ளே அழகான அடுக்களையைக் காண முடிவது இதனால்தான்.

நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடலில் இருக்கும் ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர், கழிப்பறை, கழுவுதொட்டி என்று வாசல்கள் பல. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு, அதன் மேல் ஒரு ரப்பர் குழாய். ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று நீருக்குக் கீழே இரண்டடி ஆழத்தில் கழன்றால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் கடல் உள்ளே வரும். கைப்பம்பு அதற்கு ஈடுகொடுக்காது. பித்தளை வால்வு உப்புநீரில் நாளடைவில் தன் துத்தநாகத்தை இழந்து, இளஞ்சிவப்பு நிறமேறி, மொறுமொறுவென்று உடையும் நிலைக்கு வந்துவிடும். பார்வைக்கு வால்வு முழுதாகவே இருக்கும். கையால் திருகும்போது முறியும். ஆகவே பித்தளையை எடுத்துவிட்டு வெண்கலமோ, வலுவூட்டிய பிளாஸ்டிக்கோ வைக்கிறார்கள். ஒவ்வொரு வால்வின் அருகிலும் கூம்பு வடிவ மர அடைப்பான் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது பழைய வழக்கம். செலவு மிகக் குறைவு; படகைக் காப்பாற்றும் பொருள்களில் இதற்கு இணை இல்லை.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்களின் நிலை வேறு. வடம் பழசானால் நுனிகளில் ஒன்றிரண்டு இழை அறுந்து கையைக் குத்தும். அது வெளிப்படையான எச்சரிக்கை. வெளியே தெரியாத ஆபத்தும் உண்டு. துருப்பிடிக்காத எஃகு என்று பெயரிருந்தாலும், அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் புகாமல் ஈரம் தேங்கும் இடுக்குகளில் படலம் அழிந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளே ஓடுகிறது. வடங்கள் வந்து பூட்டப்படும் எஃகுப் பட்டைகள் தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும் படகுகளில் இது பெரிய ஆபத்து. வெஸ்ட்செய்லில் இந்தப் பட்டைகள் உடலின் வெளிப்பக்கத்திலேயே போல்ட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கழற்றி, சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி தூவினால் வெடிப்பு சிவப்புக் கோடாக எழும்பும். வேலை எளிது, செய்யாமல் விட நியாயமே இல்லை. வடங்களைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுவது பொதுவான நடைமுறை. பல காப்பீட்டு நிறுவனங்களும் அதை வற்புறுத்துகின்றன.

இந்தப் படகின் உண்மையான பலவீனம் அமரத்துக்கு வெளியே நீளும் மரச்சட்டத்தில் இருக்கிறது. இரண்டு கால்கள் பின்னால் போய் ஒரு முனையில் கூடும். பாய்மரத்தைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும் வடம் அந்த முனையில்தான் முடிகிறது. மரம் உளுத்து அந்த முனை விட்டுப்போனால் பின்வடம் தளர்ந்து, பாய்மரம் முன்னோக்கிச் சாயும். அணியத்துக்கு முன்னால் நீளும் மரத்துக்கும் இதே கதைதான். அதைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் வடம் நீர்மட்டத்தருகே பூட்டப்படுவதால் எப்போதும் நனைந்தே இருக்கிறது. மரங்களின் மேல் வார்னிஷ் மின்னும்; போல்ட் போன துளைக்குள் மரம் கறுத்துப் பஞ்சாகியிருக்கும். குத்தூசியால் குத்திப் பார்க்காமல், போல்ட்டுகளை உருவிப் பார்க்காமல் இது தெரியாது. பலர் பழைய மரத்தை எறிந்துவிட்டு எஃகுக் குழாயில் செய்து பூட்டிவிட்டார்கள். மரத்தையே விரும்புகிறவர்கள் புதுக்கட்டையில் துளைகளைப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸிப் பிசினால் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் மீண்டும் துளையிடுகிறார்கள். போல்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவே அப்போது எபாக்ஸிச் சுவர் நிற்கும். நீர் மரத்தைத் தொடாது. தளத்தில் உளுத்த பகுதிகளை வெட்டியெடுத்துப் புதுப் பிளைவுட் வைத்த பிறகும் இதே முறையில்தான் துளைகள் போடப்படுகின்றன.

டீசல் இயந்திரம், எரிபொருள் தொட்டி, மின்கம்பி ஆகியவற்றுக்கு நல்ல கையேடுகள் உள்ளன. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியேறாமல் படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். உருளை இருக்கும் பெட்டி உட்புறம் முற்றிலும் அடைபட்டு, அடியிலிருந்து ஒரு குழாய் கடலை நோக்கித் திறந்திருக்க வேண்டும். உரிமையாளரே முடித்த பழைய படகுகளில் இதை நம்பிவிடக் கூடாது.

வேலை நடக்கும் காலத்தில் படகு கரையில், முட்டுக்கட்டைகளின் மேல் நிற்கும். வாடகை மிச்சமாகும் என்று குடும்பம் பெரும்பாலும் அதற்குள்ளேயே குடியிருக்கும். பத்தடி ஏணியில் ஏறி இறங்க வேண்டும். கழிப்பறைக்கு முற்றத்தைக் கடக்க வேண்டும். தேய்த்த ஃபைபர் தூள் சோற்றிலும் படுக்கையிலும் விழும். அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கப் பூசும் வண்ணத்தில் செம்பு கலந்திருப்பதால், அதைத் தேய்க்கும்போது எழும் தூள் நச்சு. முகக்கவசமில்லாமல் யாரும், பிள்ளைகள் எந்த நிலையிலும், அருகில் நிற்கக் கூடாது. கழற்றிய போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரித்து வைப்பது, வால்வுகளுக்கு எண்ணிட்டு வரைபடம் போடுவது, கயிற்று நுனிகளைக் கட்டுவது போன்றவை பத்து வயதுப் பிள்ளைக்கு ஏற்ற வேலைகள். எந்த வால்வு எங்கே இருக்கிறது என்பது இருட்டிலும் தெரிந்த பிள்ளை அந்தப் படகில் பயணி அல்ல, மாலுமி.

குடும்பமே கைவேலை செய்வதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. நாக்ஸ்-ஜான்ஸ்டன் அட்லாண்டிக் நடுவில் 'சுஹைலி'யின் அடிப்பலகை இணைப்பில் கசிவைக் கண்டார். மூச்சடக்கி நீருக்குள் இறங்கி, இணைப்பில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடித்து, அதன் மேல் கான்வாஸும் செப்புத் தகடும் அறைந்து முடித்தார். படகு கட்டப்பட்டபோது கூடவே இருந்தவர் என்பதால் எங்கே, ஏன் கசிகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கூலிக்கு ஆள் வைத்து முடித்த படகில் போகும் குடும்பத்துக்கு அந்த அறிவு கிடைப்பதில்லை.

ஆனால் உரிமையாளர் தன் படகில் தானே வேலை செய்வதற்கு எல்லாப் படகுத்துறைகளும் இடம் கொடுப்பதில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் டவுன்சென்ட் போன்ற ஊர்களில் அனுமதி உண்டு. சிறுசிறு பட்டறைகளும் அங்கே பிழைக்கின்றன. பல இடங்களில் துறையின் ஆட்களையே வைக்க வேண்டும், பொருளையும் துறையின் கடையிலேயே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. மணிக்கூலியாகத் துறை வாங்கும் தொகைக்கும், முகக்கவசத்தோடு படகின் அடியில் மல்லாந்து தேய்க்கும் தொழிலாளியின் கையில் சேருவதற்கும் நடுவே இருக்கும் தூரம் பெரிது. அவன் உழைப்புக்கு மரியாதையும் இல்லை, குடும்பத்தின் சேமிப்புக்கு இரக்கமும் இல்லை. 'கடலுக்கானது' என்று எழுதி ஒட்டிய உடனே விலையேறும் பொருள்களில் சில அந்த விலைக்குத் தகுதியானவை: ஈயம் பூசிய செப்புக் கம்பி, தரமான வெண்கல வால்வு. பெயருக்காக மட்டும் விலை கூடியவையும் நிறைய. எது எது என்று பிரித்தறியத் தெரியாதவரின் அறியாமைதான் இடைத்தரகரின் லாபம். பழுதான படகைப் 'புறப்படத் தயார்' என்று விளம்பரம் செய்து பிள்ளைகளோடு வருகிறவரிடம் தள்ளிவிடுவது வணிகம் ஆகாது. உயிர்களைப் பணயம் வைப்பது.

பிள்ளைகளுக்கான ஏற்பாடுகள் தனி. தளத்தைச் சுற்றியுள்ள கம்பிவேலியில் வலை கட்டப்படுகிறது. அணியத்திலிருந்து அமரம் வரை தளத்தில் நாடாக்கள் ஓடுகின்றன. இடுப்பிலும் மார்பிலும் பட்டை அணிந்து, அதைக் கொக்கியால் நாடாவில் மாட்டாமல் யாரும் மேலே வருவதில்லை. படுக்கைகளின் ஓரத்தில் உயரமான துணித் தடுப்பு இல்லையென்றால் படகு சாயும்போது தூங்குபவர் உருண்டு விழுவார். பெரியவர்கள் இருவர் மட்டுமே மாறி மாறிக் காவல் இருக்க வேண்டிய படகில், காற்றின் விசையாலேயே சுக்கானைத் திருப்பிக்கொள்ளும் கருவி மூன்றாவது ஆளாகிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம். நங்கூரத்தில் கஞ்சத்தனம் கூடாது. அந்தக் காலத்துப் படகுகளில் தொங்கும் ஏர் வடிவ நங்கூரத்தை 1933-இல் கண்டுபிடித்தவர் இயற்பியலாளர் ஜெஃப்ரி டெய்லர். இன்று அதைவிட விரைவாகப் பற்றும் புது வடிவங்கள் வந்துவிட்டன. பழையதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசி நிலைக்கான ஆயத்தத்தை ராபர்ட்சன் குடும்பம் பட்டுச் சொன்னது. 1922-இல் கட்டிய 'லூசெட்' என்ற 43 அடி மரப்படகில், பண்ணையை விற்றுவிட்டு 1971 ஜனவரியில் இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து அவர்கள் புறப்பட்டார்கள். 1972 ஜூன் 15 அன்று, கலபாகோஸ் தீவுகளைக் கடந்த பிறகு, கொலைத் திமிங்கலங்கள் மோதிப் படகு நிமிடக்கணக்கில் மூழ்கியது. பிள்ளைகள் உட்பட ஆறு பேரும் ரப்பர் மிதவையிலும் சிறு ஃபைபர் தோணியிலும் ஏறினார்கள். பதினேழாம் நாள் மிதவை பயனற்றுப் போக, அனைவரும் தோணிக்குள் நெருக்கியடித்து, மழைநீரும் ஆமை இறைச்சியும் கொண்டு உயிர்பிடித்து, 38-ஆம் நாள் ஜப்பானிய மீன்பிடிக் கப்பலால் மீட்கப்பட்டார்கள். இன்று படகு மூழ்கினால் செயற்கைக்கோளுக்கு இடத்தைச் சொல்லும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி உண்டு. மிதவை உரிய காலத்தில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். தண்ணீர், தூண்டில், கத்தி, மருந்து அடங்கிய பை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து பாரந்தூக்கி படகை நீரில் இறக்கும்போது, படகைத் தாங்கும் தூக்குப் பட்டைகளை உடனே கழற்றுவதில்லை. ஒருவர் உள்ளே போய் ஒவ்வொரு வால்வையும் விளக்கடித்துப் பார்த்த பிறகே படகு விடப்படுகிறது. பிறகு கரையோரமாக, பலத்த காற்றிலும் இரவிலும், பல வாரம் ஓட்டிப் பார்த்துக் கோளாறுகளைத் தீர்க்கிறார்கள். அமெரிக்க மேற்குக் கரையிலிருந்து போகிறவர்கள் சூறாவளிக் காலம் ஓயும் நவம்பரில் மெக்சிகோவுக்கு இறங்குவார்கள். அங்கே சில மாதம் தங்கியபின் மார்ச், ஏப்ரலில் மார்க்கேசாஸ் தீவுகளை நோக்கிய ஏறத்தாழ 2,800 கடல் மைல் பயணம். நாளுக்கு 100 முதல் 120 மைல் என்று கொண்டால் 23 முதல் 28 நாள். நான்கு பேருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று, இரண்டு நாள் கூடுதலாக 30 நாளுக்குக் கணக்கிட்டால் 480 லிட்டர் குடிநீர் ஏற்ற வேண்டும். அது ஒரே தொட்டியில் இல்லாமல் இரண்டு மூன்றாகப் பிரிந்திருக்க வேண்டும். ஒன்று கசிந்தாலோ கெட்டாலோ மற்றது மிஞ்சும்.