நிலைப்புத்தன்மை என்ற சொல்லும் நெல் வயலும்

ஒரு வீரிய ஒட்டு நெல் நன்றாக விளைகிறதா என்ற வினா எளியது. எந்த வயலில் என்று கேட்டதும் அது கடினமாகிவிடுகிறது. ஐதராபாத்தை மையமாகக் கொண்டு 1965-இல் தொடங்கிய அனைத்திந்திய ஒருங்கிணைந்த நெல் மேம்பாட்டுத் திட்டம் இக்கேள்விக்காகவே ஒரே விதைத் தொகுதியைப் பல மாநிலங்களில் பயிரிட்டுச் சோதிக்கிறது. 1994-இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டு நெல் ரகங்கள் வெளியானதும் இத்தகைய சோதனைகளுக்குப் பிறகுதான்.

ஓர் ஒட்டு ரகம் மூன்று இடங்களில் ஹெக்டேருக்கு 8, 7, 3 டன் தருகிறது என்றும், மற்றொன்று மூன்றிலும் 6 டன்னே தருகிறது என்றும் கொள்க. இரண்டின் சராசரியும் 6. அட்டவணையின் கடைசி நிரலை மட்டும் படிப்பவருக்கு இவற்றிடையே வேறுபாடே இல்லை.

இந்த வேறுபாட்டை அளக்கவே ஃபின்லேயும் வில்கின்சனும் 1963-இல் ஒரு முறையைப் பரவலாக்கினர். ஒவ்வொரு ரகத்தின் விளைச்சலும் இடத்தின் சராசரி விளைச்சலோடு சேர்ந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை ஒரு கோட்டின் சாய்வு காட்டும். அவர்கள் பார்வையில் சாய்வு 0 எனில் முழு நிலைப்பு. 1966-இல் எபர்ஹார்ட், ரசல் இருவரும் அதே சொல்லுக்கு வேறு பொருள் தந்தனர்: சாய்வு 1 ஆகவும் கோட்டிலிருந்து விலகல் மிகக் குறைவாகவும் இருக்க வேண்டும். ஆக ஒருவர் நிலைப்புத்தன்மை என்பது மாறாமையை, மற்றவர் சொல்வது எதிர்பார்த்தபடி மாறுவதை. எப்பொருளில் ஆள்கிறோம் என்று கூறாமலே இச்சொல்லைக் கையாளும் ஆய்வேடுகள் இன்றும் எழுதப்படுகின்றன. எங்கும் குறைவாகவே விளையும் ரகமும் முதற்பொருளில் நிலைப்புடையதே! இடத்தின் தரமும் அங்கே விளைந்த அதே ரகங்களின் சராசரியாலேயே அளக்கப்படுகிறது என்பது இன்னொரு வேடிக்கை.

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. வீரிய ஒட்டின் விளைச்சலிலிருந்து எடுத்த நெல்லை மறு பருவத்தில் விதைத்தால் பண்புகள் பிரிந்துவிடும். ஆகவே உழவர் ஆண்டுதோறும் புதுவிதை வாங்கியாக வேண்டும். அந்தச் செலவை ஈடுசெய்ய வேண்டியது நாட்டின் சராசரி அன்று, அவருடைய ஒரே வயல். ஒட்டின் மேன்மையைப் பெற்றோர் வரிசைகளோடு ஒப்பிட்டுக் காட்டுவதும் அவருக்குப் பயன் தராது. அவ்வரிசைகளை அவர் நடுவதில்லை. அப்பகுதியில் நன்றாக விளையும் வழக்கமான ரகத்தை அது வெல்கிறதா என்பதே அவர் கணக்கு.

இந்தியாவில் வீரிய ஒட்டு நெல்லின் பெரும்பரப்பு உத்தரப்பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களில் உள்ளது. மழையை நம்பிய நிலம் அங்கே ஏராளம். 8, 7, 3 என்ற வரிசையில் அந்த 3 அவர்களுடையதாக இருக்கக்கூடும். ரகங்களை வெளியிடும் அறிவிக்கையோ மாநிலப் பெயர்களைச் சொல்லிப் பரிந்துரைக்கிறது. ஜார்க்கண்ட் உழவருக்கு மேட்டுநிலம் டாண்ட், நீர் தங்கும் தாழ்நிலம் தோன். ஒவ்வொன்றுக்குள்ளும் மேலும் படிநிலைகள் உண்டு. விதை வாங்கும்போது அவர் கேட்பது, இது டாண்டுக்கா தோனுக்கா என்பதே.