வாயுவை எதிர்பார்த்தார்கள், திரவம் வந்தது

அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில், லாங் ஐலண்ட் தீவில் இருக்கிறது புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம். 2000ஆம் ஆண்டு அங்கே ஒரு வேலை ஆரம்பமானது. தங்கத்தைத் தங்கத்தோடு மோதவிடுகிற வேலை! நகைக்கடைக்காரர்கள் பதற வேண்டாம், செலவானது மிகச் சொற்பம்தான். எலக்ட்ரான்களை உரித்துவிட்ட வெறும் அணுக்கருக்களை 3.8 கிலோமீட்டர் வளையத்தில் எதிரெதிராக, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓடவிட்டு மோத வைத்தார்கள்.

ஒரு தங்க அணுக்கருவில் 79 புரோட்டான்கள், 118 நியூட்ரான்கள். மோதுகிற சூட்டில் இவை உருகி, உள்ளே இருக்கும் குவார்க்குகளும் அவற்றை ஒட்டவைக்கும் குளுவான்களும் ஒரு கணம் விடுபடும். பெருவெடிப்புக்குப் பின் சில மைக்ரோ விநாடிகள் பிரபஞ்சமே இப்படித்தான் இருந்தது. அந்தச் சூட்டில் எல்லாம் வாயு மாதிரி சிதறும் என்றுதான் பெரும்பாலான விஞ்ஞானிகள் நினைத்தார்கள்.

நடந்தது வேறு. இரண்டு கருக்கள் சற்று விலகி மோதினால், ஒன்றோடொன்று படியும் பகுதி பாதாம்பருப்பு வடிவில் இருக்கும். வாயு என்றால் துகள்கள் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பறக்க வேண்டும். ஆனால் பருப்பின் குறுகிய அகலம் இருக்கும் திசையில்தான் அதிகம் வந்தன. அழுத்தம் சட்டென்று குறைவது அந்தத் திசையில்தான். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கூட்டாக ஓடினால்தான் இது சாத்தியம். அதாவது, திரவம்.

இன்னொரு சாட்சியும் இருந்தது. மோதலில் சில சமயம் இரண்டு குவார்க்குகள் எதிரெதிராகத் தெறித்து, இரண்டு துகள் கற்றைகளாக வெளிவரும். தங்க மோதல்களில் ஒரு கற்றை வந்தது, எதிர்ப்பக்கத்தது காணவில்லை. சூடான துளி விழுங்கிவிட்டதா, இல்லை தங்கக் கருவுக்கே அப்படி ஒரு குணமா? கல்லாவில் பணம் குறைந்தால் உடனே ஒருவர் மேல் பழி போடுவது சுலபம். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. 2003இல் டியூட்டிரானை (ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான், அவ்வளவுதான்) தங்கத்தின் மேல் மோதிப் பார்த்தார்கள். அதில் அந்த மாதிரிப் பெரிய துளி உருவாகாது. இரண்டு கற்றைகளும் ஒழுங்காக வந்தன! நல்ல தணிக்கை என்றால் இதுதான்.

அதன்பிறகுதான், 2005 ஏப்ரலில், இது திரவம் போல நடந்துகொள்கிறது என்று அறிவித்தார்கள். அதுவும் பாகுநிலை, அதாவது தேன் போல இழுபடும் குணம், மிக மிகக் குறைந்த திரவம். அதன் சூடு சுமார் 4 லட்சம் கோடி டிகிரி என்று 2010இல் கணக்கிட்டார்கள். சூரியனின் மையத்தைப் போல இரண்டரை லட்சம் மடங்கு!

அதே 2010இன் கடைசியில், ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் பத்து மடங்குக்கும் அதிக ஆற்றலோடு ஈயக் கருக்களை மோதவிட்டார்கள். இன்னும் சூடேறினால் ஒருவேளை வாயுவாகுமோ? அங்கேயும் திரவமாகத்தான் ஓடியது.