பெருங்காயம் வரை விசாரித்துச் சாப்பிட்ட மதியம்

சென்னையில் ஐந்து நட்சத்திர ஓட்டல் ஒன்றின் தென்னிந்திய உணவகம். மேசைகளில் வெள்ளை விரிப்பு, சுவரில் தஞ்சாவூர் ஓவியங்கள். என்னோடு வந்திருப்பவள் அக்கா மகள், கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், அவள் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைத்துவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, இரத்தசோகை வரும். இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுள் முழுக்கக் குளூட்டனைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

அரிசி தின்னும் ஊரில் இதற்கென்ன பயம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இந்த நோய் கோதுமை அதிகம் சாப்பிடும் வட இந்தியாவில் தெரிந்த அளவுக்கு இங்கே தெரியாது. எங்கள் மேசைக்கு வந்த பணியாளரும் நல்ல மனசோடுதான் சொன்னார்: “சப்பாத்தி, பரோட்டா மட்டும் வேண்டாம் மேடம். இட்லி, தோசை, சாதம் எல்லாம் தாராளமா சாப்பிடலாம்.”

“சாம்பாருக்கு என்ன பெருங்காயம் போடறீங்க?” என்று கேட்டேன்.

அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, “கேட்டுட்டு வந்து சொல்றேன் மேடம்” என்று உள்ளே போனார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அப்போதுதான். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லியிருந்தால் கஷ்டப்படப்போவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்.

கொஞ்ச நேரத்தில் செஃப் பெருங்காய டப்பாவோடு வெளியே வந்தார். சேர்மானப் பட்டியலில் பிசினுக்குப் பக்கத்திலேயே மைதா. சுத்தமான பெருங்காயம் இரான், ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வரும் செடிப் பால். நேரடியாகப் போட முடியாத காரம் என்பதால் மாவும் பிசினும் கலந்தே விற்கிறார்கள், பெரும்பாலும் அந்த மாவு கோதுமை மாவுதான். சாம்பார், ரசம், சட்னித் தாளிப்பு என்று எல்லாவற்றிலும் அது விழுகிறது. வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது என்று நாம் நம்பும் தயிர்சாதத்தில்கூட.

“விடுங்க சித்தி, எல்லாரும் பாக்கறாங்க. நான் ஜூஸ் குடிச்சுக்கறேன்” என்றாள் அவள். அவள் வயதுப் பெண் பசியை விழுங்கிக்கொண்டு கூச்சப்படுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இது நாக்கு ருசிக்கான அடம் இல்லை, நோயாளியின் தேவை. விசாரிக்க அவளுக்கு முழு உரிமை உண்டு.

செஃப் எங்களைச் சமையலறை வாசல் வரை கூட்டிப்போனார். தோசைக்கல்லைக் காட்டி, அதில்தான் ரவா தோசையும் வார்க்கிறோம் என்றார். ரவா தோசையில் ரவையும் உண்டு, மைதாவும் உண்டு. அடுத்து எண்ணெய்ச் சட்டி. மைதா சேர்த்த போண்டா வெந்த அதே எண்ணெயில்தான் அப்பளமும் பொரிகிறது. மாவில் குற்றமில்லாவிட்டாலும் கல்லும் எண்ணெயும் கரண்டியும் கெடுத்துவிடும். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்லி விற்கக்கூடாது என்பது விதி. கண்ணுக்குத் தெரியும் அளவே இல்லை அது.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். தனிச் சட்டியில் ஆப்பம், தேங்காய்ப்பாலில் மீன் மொய்லி, அவியல். மூன்றிலும் பெருங்காயம் இல்லை. மிளகு ரசம் மட்டும் பெருங்காயம் போடாமல் புதிதாக வைத்துத் தந்தார். ஓரம் முறுகி நடுவில் பஞ்சாக இருந்த ஆப்பத்தை அவள் மொய்லியில் தோய்த்துச் சாப்பிட்டாள். வெளியே வந்து இவ்வளவு நிம்மதியாக அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஐஸ்கிரீமில் மறுபடி சிக்கல். வேறொரு பணியாளர் கொண்டுவந்த கிண்ணத்தில் வேஃபர் குத்தியிருந்தது. அதை எடுத்துவிட்டு அதே கிண்ணத்தைத் தரப் பார்த்தார். வேண்டாம், புதிதாகக் கொடுங்கள் என்றோம், கொடுத்தார்கள். சமையலறையில் இருந்த அக்கறை பரிமாறும் கூடத்துக்கு வந்து சேரவில்லை. மெனு அட்டையிலும் கலோரி இருந்தது, கோதுமை பற்றி ஒரு குறி இல்லை. மத்திய உரிமம் உள்ள உணவகங்களும், 10 அல்லது அதற்கு மேல் கிளை உள்ளவையும் ஒவ்வாமைப் பொருள் விவரத்தைத் தரவேண்டும் என்று 2020-இன் உணவு லேபிள் விதிமுறைகள் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் குளூட்டன் உள்ள தானியங்களும் உண்டு.

வீட்டில் இப்படி யாராவது இருந்தால், மேசைக்கு முன்பதிவு செய்யும்போதே சமையலறையில் பேசிவிடுங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் போங்கள். ஒரே கரண்டி பல பாத்திரத்துக்குள் போகும் பஃபே வேண்டாம். ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கடையில் கிடைக்கிறது. அடுத்த முறை சரக்கு வாங்கும்போது அதை வாங்குங்கள்.