மூலமும் படியும்

மாணவர்களே, உங்களுள் பலருக்குச் சொந்த ஊர் என்பது கோடை விடுமுறையில் மட்டும் காணும் ஊர். உங்கள் ஆசிரியையாகிய எனக்கும் அவ்வாறே. தாமிரபரணிக் கரையில் பிறந்த நான், பணியின் பொருட்டு இருபது ஆண்டுகளாக வடபுலத்தில் வாழ்கிறேன். முதலில் ஜாம்ஷெட்பூர், இப்பொழுது தில்லி.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் ஊர் வீட்டில் தொலைபேசி இருந்தது. ஆயினும் அம்மா எனக்குக் கடிதமே எழுதுவார். வெளிர்நீல இன்லண்டுத் தாளில் நீல மையால் எழுதுவார். ஐந்தாம் வகுப்பு வரையே படித்தவர். எழுத்துப் பிழைகள் உண்டு. ஆனால் மெய்யெழுத்துகளின் மேல் புள்ளியிட ஒருநாளும் மறந்ததில்லை. ஒரு வரியை முழுவதும் எழுதி முடித்துவிட்டு, மீண்டும் தொடக்கத்திற்கு வந்து, கோலத்திற்குப் புள்ளி வைப்பவர் போல ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே செல்வார்.

பணிமாறுதல் வந்தபோது சுமையைக் குறைக்க எண்ணி, அக்கடிதங்களை ஊர் வீட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். 2014 இல் அம்மா மறைந்தார். அதன்பின் அவை வேண்டும் என்னும் ஏக்கம் மிகுந்தது. 2021 ஆம் ஆண்டில் என் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அமர்ந்து, எல்லாக் கடிதங்களையும் தன் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினான். மொத்தம் 146 படங்கள்.

ஆர்வத்தோடு அவற்றை என் பழைய கணினியில் திறக்க முயன்றேன். ஒன்றும் திறக்கவில்லை. கோப்புகளின் பெயருக்குப் பின்னால் எச்.இ.ஐ.சி. என்றிருந்தது. ஆப்பிள் நிறுவனம் 2017 முதல் தன் கைப்பேசிகளில் பயன்படுத்திவரும் பட வடிவம் அது. குறைந்த இடத்தில் நல்ல படத்தைச் சேமிக்க வல்லது. ஆனால் பழைய கணினிகள் பலவற்றுக்கு அதனைப் படிக்கத் தெரியாது. தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்துப் படிக்கத் தெரியாத பிள்ளையின் முன்னால் வைத்த புத்தகம் போல, அம்மாவின் கடிதங்கள் என் முன்னால் மூடிக் கிடந்தன.

படங்களை ஜேபெக் வடிவத்திற்கு மாற்றிவிட்டால் போதும் என்று அறிந்தேன். நூற்றுக்கணக்கான படங்களையும் ஒரே முறையில் மாற்றித் தரும் இலவச மென்பொருள்கள் உள்ளன. ஒன்றை நிறுவினேன். எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்தேன். தரம் எவ்வளவு வேண்டும் என்று அது கேட்டது. மின்னஞ்சலில் அனுப்ப எளிதாக இருக்கட்டும் என்று எண்ணி, நூற்றுக்கு இருபது என்று குறித்தேன். மாற்றியபின் மூலக் கோப்புகளை அழித்துவிடலாமா என்று கேட்கும் ஒரு சிறு கட்டமும் அங்கிருந்தது. திறக்காத கோப்பு எதற்கு என்று அதிலும் குறியிட்டேன். சில நிமிடங்களில் 146 படங்களும் மாறிவிட்டன. சிறிய திரையில் அழகாகவே தெரிந்தன. தம்பிக்கு நன்றி தெரிவித்தேன். அவனும் தன் கைப்பேசியில் இடம் வேண்டி அப்படங்களை அழித்துவிட்டான்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை பெய்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தாமிரபரணி கரைபுரண்டது. எங்கள் வீட்டிற்குள்ளும் வெள்ளம் புகுந்தது. மூன்று நாள்களுக்குப் பிறகே தம்பியிடம் பேச முடிந்தது. “எல்லாரும் நல்லா இருக்கோம் அக்கா. டிரங்குப் பெட்டிதான் முங்கிப் போச்சு. கடிதமெல்லாம் கூழாயிட்டு. ஆனா உங்கிட்டதான் படம் இருக்குல்லா?” என்றான். இருக்கிறது என்றேன்.

அன்றிரவு கணினியில் அவற்றைத் திறந்து, முதன்முறையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்துகளைச் சுற்றிப் புழுதி படிந்தாற்போல் இருந்தது. அம்மா ஒவ்வொன்றாக வைத்த புள்ளிகளுள் பல மறைந்துவிட்டிருந்தன.

ஏன் இவ்வாறு ஆயிற்று? 1992 இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை, ஒரு படத்தை எட்டுக்கு எட்டு என்னும் அளவுள்ள சிறு சதுரங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு சதுரத்திலும் நம் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகளை நீக்கிவிடுகிறது. தரத்தைக் குறைக்கக் குறைக்க, நீக்கப்படுவனவும் மிகும். மேலும், நம் கண் ஒளிவேறுபாட்டைக் கூர்மையாகவும் நிறவேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் காண்பதால், நிறத்தின் நுட்பங்களையே அது மிகுதியாகக் கழிக்கிறது. மலையையும் முகத்தையும் படம்பிடிக்க இம்முறை மிகவும் ஏற்றது. நீலத் தாளில் மங்கிய நீல மையால் வைத்த ஒரு புள்ளிக்கோ இதனினும் தீங்கு வேறில்லை. இவ்வாறு கழிந்ததை மீண்டும் பெறவும் முடியாது.

பெரும்பாலான இடங்களில் புள்ளி மறைந்தாலும் பொருள் விளங்கியது. ஒரு கடிதத்தில் மட்டும் விளங்கவில்லை. நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு மார்கழியில் எழுதியது அது. “பொங்கலுக்கு நீ வர” என்பது வரை தெளிவாக உள்ளது. அடுத்த சொல் தாளின் மடிப்பில் விழுந்திருக்கிறது. அது “வேண்டும்” என்பதா, “வேண்டாம்” என்பதா? இடையில் உள்ள ஓரெழுத்து புகையாகிவிட்டது. விடுப்பும் பயணச் செலவும் கருதி “வேண்டாம்” என்று எழுதக்கூடியவர்தாம் அவர். “வேண்டும்” என்று எழுதக்கூடியவரும்தாம். அந்தப் பொங்கலுக்கு நான் ஊருக்குச் செல்லவில்லை. அது மட்டுமே நினைவிருக்கிறது.

இதனை என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் காட்டி, சரிசெய்ய வழியுண்டா என்று கேட்டேன். அவள் பார்த்துவிட்டு, “மேம், ஒரிஜினல் எங்கே?” என்றாள். என்னால் விடை சொல்ல இயலவில்லை.

வடிவம் மாற்றுதல் புதிய தொழில் அன்று. நம் நூல்கள் ஓலையிலிருந்து தாளுக்கு வந்தனவே! ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் எழுதுவது வழக்கம். ரகரத்திற்கும் காலுக்கும் வேறுபாடு தெரியாது. ஆயினும் உ.வே.சாமிநாதையர் ஒரே சுவடியை நம்பி அமையவில்லை. ஊர் ஊராகச் சென்று பல படிகளைத் தேடி, ஒப்பிட்டு, 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவரைப் பற்றி வகுப்பில் பலமுறை பாடம் நடத்திய நான், என் தாயின் எழுத்துக்கு ஒரே ஒரு படியை வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தேன்.

ஆகவே, உங்களுக்கு மூன்று சொல்கிறேன். படங்களை மாற்றும் முன் மூலக் கோப்புகளைத் தனியே ஓர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். முதலில் ஒரே ஒரு படத்தை மாற்றி, பெரிதாக்கி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே எஞ்சியவற்றை மாற்றுங்கள். எழுத்துகள் உள்ள படமாயின் பி.என்.ஜி. வடிவம் நன்று, இடம் மிகுதியாகக் கொள்ளும், ஆனால் பெற்றதில் ஒரு புள்ளியையும் இழக்காது.

நீங்களும் நாள்தோறும் ஒரு வடிவமாற்றம் செய்கிறீர்கள். பாட்டிக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பும்போது, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறீர்கள். அதில் பள்ளிக்கும் பல்லிக்கும் வேறுபாடில்லை. மணமும் மனமும் ஒன்றே. அதனைத் தவறென்று கடிய மாட்டேன். திறக்காத கோப்பைவிடத் திறக்கும் படி நல்லது. ஆனால் படி மட்டுமே போதும் என்று எண்ணி மூலத்தை விட்டுவிடாதீர்கள். இந்தப் பயிற்சி நூலில் நீங்கள் எழுதிப் பழகும் ஒவ்வோர் எழுத்தும் மூலத்தைக் காப்பதே ஆகும்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். எதைப் பற்றி எழுதினாலும் சரி. படம் எடுங்கள், தாளையும் பத்திரமாக வையுங்கள். படிக்கத் தெரியாத சொல் இருந்தால், எழுதியவர் அருகில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. ஆசிரியை செய்த இரண்டு தவறுகள் யாவை?
2. “வேண்டும்”, “வேண்டாம்” ஆகிய சொற்களுள் தாய் எதை எழுதியிருப்பார் என்று கருதுகிறீர்? காரணம் கூறுக.
3. ஆங்கில எழுத்தில் எழுதினால் வேறுபாடு மறையும் தமிழ்ச் சொல் இணைகள் ஐந்தினை எழுதி, பொருள் தருக.