சுவருக்குள் இருந்த பெயர்

 

ஸ்பெயினில் தொலேதோ என்றொரு பழைய நகரம் இருக்கிறது. முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் அதன் பெயர் துலைத்துலா. அங்கே 'ஒளியின் கிறிஸ்து' என்ற சிறிய தேவாலயம் உண்டு. உள்ளே நான்கு தூண்கள், மேலே ஒன்பது சின்னக் கூரைகள். ஒன்றைப் போல மற்றது இல்லை.

அது பள்ளிவாயலாகக் கட்டப்பட்டது. அதை முகப்புச் சுவரே சொல்கிறது. செங்கல்லையே அரபு எழுத்தாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்: அஹ்மத் இப்னு ஹதீதி தன் சொந்தப் பணத்தில் கட்டினார், வேலையை நடத்தியவர் மூஸா இப்னு அலீ, முடிந்தது ஹிஜ்ரி 390 முஹர்ரம். ஆங்கிலக் கணக்கில் 999.

1085இல் ஆறாம் அல்பொன்சோ நகரைப் பிடித்தார். அடுத்த நூற்றாண்டில் பள்ளி தேவாலயமானது. பலிபீடத்துக்கென்று ஒரு பகுதியும் சேர்த்துக் கட்டினார்கள். அங்கே தொழுதவர்களுக்கு அது இழப்புத்தான். ஆனால் அந்தத் தூண்களின் தலைக்கற்கள் அதற்கும் முந்திய விசிகோத்தியர் காலத்தவை. நம்மவர்களும் மற்றவர்களின் கல்லை எடுத்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

பல காலம் மறைந்து கிடந்த எழுத்து 1899இல் திரும்ப வெளியே தெரிந்தது. கட்டி 900 வருசத்துக்குப் பிறகும் அஹ்மதின் பெயரை வாசிக்க முடிந்தது.

எல்லா இடத்துக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கோயிலை இடித்தார். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் வெளியேறக் கிடைத்தது இரண்டு மணி நேரம். பிள்ளையைத் தூக்குவதா, பள்ளிப் பதிவேட்டைத் தூக்குவதா? திரும்பி வந்தபோது சுவர் நின்ற இடங்களிலும், அதை எழுப்பியவர் யார் என்று கேட்டால் மூத்தவர்கள் இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அவர்களும் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள்.

நயினாதீவில் அம்மன் கோயிலும் விகாரையும் பள்ளிவாயலும் ஒரே சின்னத் தீவில் இருக்கின்றன. ஊர்காவற்றுறையில் பழைய தேவாலயங்கள். நெடுந்தீவில் முருகைக்கல் சுவர்கள். போர் எல்லா வீட்டுக் காகிதங்களையும் தின்றுவிட்டது.

அதனால் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த விடுமுறைக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளியோ கோயிலோ தேவாலயமோ, காணி கொடுத்தவர் யார், கல் சுமந்தவர் யார், எந்த வருசம் என்று அப்பப்பா, அம்மம்மா, வாப்பும்மா, உம்மும்மாவிடம் கேட்டுக் கொப்பியில் எழுதி வரவேண்டும்.

பிள்ளை வந்து கேட்டால், 'இப்ப நேரமில்லை' என்று அனுப்பிவிடாதீர்கள். கொஞ்சம் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.