அம்மா கேட்ட ஊசி

தேக்கா ஈரச்சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். அம்மா மெதுவாகக் கேட்டார்: "நீ ரேடியோல சொன்னியே, ஆயுசு கூட்டுற ஊசி, அத பாலிகிளினிக்ல போடுவாங்களா?"

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, ஊசி வரப்போகிறதே என்று முட்டிவலி மாத்திரையை அவர் நான்கு நாளாகத் தொடவே இல்லை.

தப்பு என்னுடையது. 2024 ஜூலையில் 'நேச்சர்' இதழில் அந்த ஆய்வு வெளிவந்தபோது, இரண்டு பாடல்களுக்கு நடுவே முப்பது விநாடியில் சொல்லி முடித்தேன். "நம்ம சிங்கப்பூர்ல ஆயுளை நீட்டிக்கும் மருந்து!" 'எலிகளுக்கு' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டேன்.

அன்றிரவு உட்கார்ந்து முழுமையாகப் படித்தேன். டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் 2017ல் தொடங்கிய கதை அது. வேறோர் ஆய்வுக்காக வந்த திசு மாதிரிகளில் இன்டர்லூகின்-11 எவ்வளவு இருக்கிறது என்று ஓர் ஆர்வத்தில் சோதித்துப் பார்த்தார் ஆய்வாளர் அனிசா விட்ஜாஜா. அழற்சியைத் தூண்டுவதற்காக, அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞைப் புரதம் அது. வயது ஏற ஏற அதன் அளவும் ஏறியிருந்தது.

கண்ணுக்குத் தெரியாத புரதத்தை எப்படி அளப்பது? அதற்குத்தான் ஆய்வுக்கூடங்களில் ஆன்டிபாடி. ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடந்தாலும் தனக்குரியதை மட்டும் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் படத்தில் கோடாகத் தெரியும். கோடு தடித்திருந்தால் புரதம் அதிகம்.

கண்டுபிடிக்க ஓர் ஆன்டிபாடி என்றால் தடுக்க இன்னொன்று. மனிதருக்கு ஏறக்குறைய 55 வயதுக்குச் சமமான 75 வார எலிகளுக்கு, அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஆன்டிபாடியைச் செலுத்தத் தொடங்கினார்கள். ஆண் எலிகளின் ஆயுள் சுமார் 22 விழுக்காடும் பெண் எலிகளின் ஆயுள் 25 விழுக்காடும் கூடின. மனிதருக்கும் ஆயுள் கூடும் என்று நிரூபிக்கப்படவில்லை.

காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. "எலிக்காவது நல்லது நடந்துச்சே" என்றபடி மாத்திரை டப்பாவைத் திறந்தார்.

என்னை நம்பி வேறு எத்தனை வீடுகளில் மாத்திரையை நிறுத்தினார்களோ?

அன்றைய நிகழ்ச்சியில் அதே செய்தியை மறுபடியும் சொன்னேன். இம்முறை மூன்று நிமிடம். அதற்காக ஒரு பாடலைக் குறைத்தேன். முதல் சொல்லே 'எலிகள்'.